கை-வர்க்கச் சோதனை: குழுக்களை ஒப்பிடும் முறை, டைட்டானிக் கணக்கோடு படிப்படியாக

கண்ட எண்ணிக்கை, எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு விலகியது என்று அளப்பதுதான் கை-வர்க்கச் சோதனை (chi-square test). இதைப் பாடமாகப் படித்தவர்கள் நிறையப் பேர். சூத்திரமும் அநேகமாக மனப்பாடம். ஆனால் சொந்தமாக ஒரு தரவு கைக்கு வந்ததும் எதை எதோடு ஒப்பிடுவது, விடை வந்தபின் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதில்தான் தடுமாற்றம். அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு தரவை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கையாலேயே கணக்குப் போடப் போகிறோம். கால்குலேட்டர் இருந்தால் போதும்.

தரவு, டைட்டானிக் கப்பலினுடையது. 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் அந்தக் கப்பல் மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 2,201 பேர், பிழைத்தவர்கள் 711 பேர் என்பது பிரிட்டிஷ் விசாரணையின் கணக்கு. வேறு ஆவணங்களில் எண்கள் கொஞ்சம் மாறும். நாம் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவினால் இந்தத் தரவு அதனுள்ளேயே இருக்கும், நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

நம் கேள்வி: பிழைத்தவர், இறந்தவர் என்ற பிரிவு எல்லாக் குழுக்களிலும் ஒரே விகிதத்தில் விழுந்ததா, குழுவுக்குக் குழு மாறியதா? குழுக்கள் நான்கு. மூன்று வகுப்புப் பயணிகள், நான்காவதாகக் கப்பல் ஊழியர்கள்.

இதிலிருந்து இரண்டு கருதுகோள்கள் வருகின்றன. இன்மைக் கருதுகோள்: பிழைக்கும் விகிதம் நான்கு குழுக்களுக்கும் ஒன்றே, கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு தற்செயல். மாற்றுக் கருதுகோள்: ஏதோ ஒரு குழுவிலாவது விகிதம் வேறு. "ஏதோ ஒரு குழுவிலாவது" என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். எது என்று இந்தச் சோதனை தானாகச் சொல்லாது. அதற்குத் தனியாக உழைக்க வேண்டும், எட்டாம் படியில் செய்வோம்.

படி 2: குறுக்கு அட்டவணை

| குழு | பிழைத்தவர் | இறந்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| முதல் வகுப்பு | 203 | 122 | 325 |
| இரண்டாம் வகுப்பு | 118 | 167 | 285 |
| மூன்றாம் வகுப்பு | 178 | 528 | 706 |
| ஊழியர் | 212 | 673 | 885 |
| மொத்தம் | 711 | 1,490 | 2,201 |

ஒவ்வொரு ஆளும் ஒரே ஒரு கட்டத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு கட்டத்தில் ஒருவரை எண்ணிவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே பிழை. "பிடித்த பழங்கள் எவை, எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்" போன்ற கருத்துக்கணிப்புக் கேள்விகளை அப்படியே கை-வர்க்கத்துக்குள் போட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இறந்தவர் நிரலை ஏன் வைத்திருக்கிறோம் என்று கேட்கலாம். பிழைத்தவர் நிரலை மட்டும் பாருங்கள்: ஊழியர் 212, முதல் வகுப்பு 203. ஊழியர்கள்தான் அதிகம் தப்பினார்கள் என்று தோன்றும். பக்கத்திலேயே 673 பேர் இறந்திருக்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் படம் தலைகீழாகிறது. நிகழ்ந்ததை எண்ணினால் நிகழாததையும் எண்ணியாக வேண்டும்.

படி 3: முதலில் சதவீதத்தைப் பாருங்கள்

சோதனைக்கு முன்னால் கண்ணால் பார்ப்பது கட்டாயம். பிழைத்தவர் முதல் வகுப்பில் 62.5%, இரண்டாம் வகுப்பில் 41.4%, மூன்றாம் வகுப்பில் 25.2%, ஊழியரில் 24.0%. கப்பல் முழுவதற்கும் 32.3%.

சதவீதம் பார்ப்பதற்கு மட்டுமே. சோதனைக்குள் போக வேண்டியது ஆள் எண்ணிக்கை. சதவீதத்தைக் கட்டங்களில் இட்டால், குழுவுக்கு 100 பேர்தான் இருந்தார்கள் என்று சூத்திரம் எடுத்துக்கொள்ளும். இது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பத்தாம் படியில் எண்ணோடு காட்டுகிறேன்.

படி 4: எதிர்பார்க்கும் எண்ணிக்கை

சோதனையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்திருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்? கப்பல் முழுதும் 2,201-க்கு 711 என்ற விகிதம். முதல் வகுப்பில் 325 பேர். அதே விகிதம் அவர்களுக்கும் பொருந்தியிருந்தால்:

325 × 711 ÷ 2,201 = 104.99

பொதுவாகச் சொன்னால், நிரை மொத்தம் × நிரல் மொத்தம் ÷ முழு மொத்தம். எட்டுக் கட்டங்களுக்கும் போட்டால்:

| குழு | பிழைத்தவர் | இறந்தவர் |
|---|---|---|
| முதல் வகுப்பு | 104.99 | 220.01 |
| இரண்டாம் வகுப்பு | 92.07 | 192.93 |
| மூன்றாம் வகுப்பு | 228.06 | 477.94 |
| ஊழியர் | 285.89 | 599.11 |

தசமத்தை முழு எண்ணாக மாற்றாதீர்கள். 104.99 பேர் என்று யாரும் இல்லைதான். ஆனால் இது ஆள் கணக்கு அல்ல, சராசரியாக எதிர்பார்ப்பது. ஒவ்வொரு நிரலையும் கூட்டிப் பாருங்கள், பழைய 711-ம் 1,490-ம் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது.

படி 5: நிபந்தனைகள்

எதிர்பார்க்கும் எண்ணிக்கை எல்லாக் கட்டத்திலும் போதுமான அளவு இருக்கிறதா? புள்ளியியலாளர் காக்ரன் 1954-இல் சொன்ன விதியைப் பலரும் பின்பற்றுகிறார்கள்: 5-க்குக் கீழே இருக்கும் கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, 1-க்குக் கீழே ஒன்றுகூட இருக்கக் கூடாது. கவனியுங்கள், விதி எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு. அட்டவணையில் நேரில் கண்ட எண்ணிக்கைக்கு அல்ல. நம் அட்டவணையில் மிகச் சிறியது 92.07, கவலையில்லை. குறைந்தால், பொருள் கெடாதபடி இரண்டு வகைகளைச் சேர்க்கலாம், அல்லது சின்ன எண்ணிக்கைக்கும் பொருந்தும் ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போகலாம்.

இரண்டாவது நிபந்தனை கடினமானது: ஒருவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேர்ந்ததைப் பாதிக்கக் கூடாது. டைட்டானிக்கில் இது முழுதாக உண்மை இல்லை. குடும்பமாகச் சேர்ந்து நின்றவர்கள் உண்டு, ஒரே படகில் ஏறியவர்கள் உண்டு. இப்படிச் சார்பு இருக்கும்போது பி-மதிப்பு (இந்த விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு, ஏழாம் படியில் விளக்குகிறேன்) இருக்க வேண்டியதைவிடச் சிறியதாக வந்துவிடும். அதனால் எல்லையில் நிற்கும் விடைகளை நம்பத் தயங்க வேண்டும். மலை போன்ற வித்தியாசங்களுக்கு இதனால் ஆபத்தில்லை. பள்ளி வகுப்பறைகளில், ஒரே வீட்டில் பலரிடம், ஒரே மருத்துவமனையில் எடுத்த தரவு எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. பலரும் இதைப் படிக்காமலே தாண்டிப் போகிறார்கள், எனக்கு அது வருத்தம் தரும் விஷயம்.

ஒரே ஆளை முன்னும் பின்னும் இருமுறை கேட்ட தரவு என்றால் இந்தச் சோதனையே வேண்டாம், மெக்நெமார் சோதனையை எடுங்கள்.

படி 6: கணக்கு

ஒவ்வொரு கட்டத்துக்கும்: (கண்டது − எதிர்பார்த்தது)² ÷ எதிர்பார்த்தது. முதல் வகுப்பில் பிழைத்தவர் கட்டத்தைப் போட்டுப் பார்ப்போம்.

203 − 104.99 = 98.01
98.01-இன் வர்க்கம், ஏறக்குறைய 9,607
9,607 ÷ 104.99 = 91.50

வர்க்கம் எடுப்பதால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துவிடாது. வகுப்பதும் காரணத்தோடுதான்: 20 பேரை எதிர்பார்த்த இடத்தில் 10 பேர் கூடுவது பெரிய விஷயம், 2,000 பேரை எதிர்பார்த்த இடத்தில் 10 பேர் கூடுவது ஒன்றுமில்லை.

மற்றவற்றையும் போட்டால், பிழைத்தவர் நிரலில் 91.50, 7.31, 10.99, 19.10, இறந்தவர் நிரலில் 43.66, 3.49, 5.24, 9.11. எட்டையும் கூட்டினால் 190.40. இதுதான் கை-வர்க்க மதிப்பு.

படி 7: கட்டின்மை எண், பி-மதிப்பு

190.40 பெரியதா சிறியதா? அட்டவணை பெரிதாக இருந்தால் கூட்டுத்தொகையும் தானாகப் பெரிதாகும், எனவே அட்டவணையின் அளவைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குத்தான் டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது கட்டின்மை எண்: (நிரைகள் − 1) × (நிரல்கள் − 1). நமக்கு 3 × 1 = 3. ஓர மொத்தங்கள் (நிரை, நிரல் மொத்தங்கள்) தெரிந்திருக்கும்போது மூன்று கட்டங்களை நிரப்பினால் மீதி ஐந்தும் தானே விழுந்துவிடும். அதுதான் இந்த 3.

இந்தச் சின்ன எண்ணுக்குப் பின்னால் பெரிய சண்டை இருக்கிறது. சோதனையை 1900-இல் உருவாக்கியவர் கார்ல் பியர்சன். அவர் முறைப்படி இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குக் கட்டின்மை எண் 3. 1915-இல் கிரீன்வுட், யூல் என்ற புள்ளியியலாளர்கள் தடுப்பூசித் தரவுகளை ஆராய்ந்தபோது அந்தக் கணக்கு வேறு முறைகளோடு ஒத்துப்போகவில்லை. 1922-இல் ரொனால்ட் ஃபிஷர், ஓர மொத்தங்களைத் தரவிலிருந்தே எடுத்திருக்கிறோம், அதைக் கழிக்க வேண்டும், எனவே 1 என்று நிறுவினார். பியர்சன் ஏற்கவில்லை. இன்று உலகமே ஃபிஷரின் கணக்கைத்தான் போடுகிறது.

கட்டின்மை எண் 3-க்கு 5% மட்டத்தில் எல்லை மதிப்பு 7.815, 1% மட்டத்தில் 11.345. அதாவது வேறுபாடே இல்லாதபோது தற்செயலாக 7.815-ஐத் தாண்டும் வாய்ப்பு 5%, 11.345-ஐத் தாண்டும் வாய்ப்பு 1%. நம்முடையது 190.40. பி-மதிப்பை எழுதினால் தசமப் புள்ளிக்குப் பிறகு நாற்பது பூஜ்யங்கள் வந்து அதற்கப்புறம்தான் 5 வரும். விகிதங்கள் சமம் என்ற கருதுகோள் நிற்காது.

பி-மதிப்பு சொல்வது இவ்வளவுதான்: உண்மையில் வேறுபாடே இல்லாதிருந்தால், தற்செயலாக இந்த அளவோ இதைவிட அதிகமோ விலகல் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு. கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு என்று அதைப் படிக்கக் கூடாது.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இதற்கான ஃபங்ஷன் உண்டு. ஆனால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை அட்டவணையை நீங்களே தயாரித்துக் கொடுக்க வேண்டும், திருப்பித் தருவதும் பி-மதிப்பு மட்டுமே. ஆர், பைத்தான் இரண்டும் எல்லாவற்றையும் தரும். ஒன்று: இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் இவை கேட்காமலே 1934-இன் யேட்ஸ் திருத்தத்தை (ஒவ்வொரு வித்தியாசத்திலும் 0.5 வரை குறைப்பது) சேர்த்துவிடும், விடை கொஞ்சம் குறையும். கைக்கணக்கும் கணினியும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

படி 8: வேறுபாடு எங்கே இருக்கிறது?

பலர் ஏழாம் படியோடு கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். சுவையான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

கட்டங்களின் பங்கைத் திரும்பப் பாருங்கள். 190.40-இல் முதல் வகுப்பு மட்டும் 91.50 + 43.66 = 135.16. மொத்தத்தில் 71%. இதைச் சரியாக அளக்க, சரிசெய்த எச்சம் என்று ஒன்று உண்டு: (கண்டது − எதிர்பார்த்தது) என்பதை, எதிர்பார்த்தது × (1 − நிரைப் பங்கு) × (1 − நிரல் பங்கு) என்பதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பங்கு என்பது அந்த நிரை அல்லது நிரல் மொத்தம் ÷ முழு மொத்தம். பிழைத்தவர் நிரலுக்கு விடைகள்: முதல் வகுப்பு +12.6, இரண்டாம் வகுப்பு +3.5, மூன்றாம் வகுப்பு −4.9, ஊழியர் −6.9. இரண்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், மூன்றைத் தாண்டினால் உறுதியாகச் சொல்லலாம் என்பது நடைமுறை.

குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடவும் செய்யலாம். நான்கு குழுக்களுக்கு ஆறு ஜோடி. ஆறுமுறை சோதித்தால் தற்செயலாக ஒன்று மாட்டும் வாய்ப்புக் கூடுகிறது. அதனால் வழக்கமான 5% எல்லையான 0.05-ஐ ஆறால் வகுத்து 0.0083 என்ற கடுமையான எல்லையை வைப்பது எளிய வழி. மூன்றாம் வகுப்பையும் ஊழியரையும் ஒப்பிட்டால் கை-வர்க்கம் 0.34, பி-மதிப்பு 0.56. இருவரும் ஒன்றுதான் போலிருக்கிறது. இந்த "ஒன்றுதான்" என்ற முடிவை நினைவில் வைத்திருங்கள்.

படி 9: எவ்வளவு பெரியது?

கை-வர்க்க மதிப்பு ஆள் எண்ணிக்கையோடு வளரும். இப்போது பார்த்த ஜோடியில் வித்தியாசம் 1.3 சதவீதப் புள்ளிதான். அதே விகிதத்தில் பன்னிரண்டு மடங்கு ஆட்கள் இருந்திருந்தால் மதிப்பு 4.03 ஆகி, 3.841 என்ற எல்லையைத் (கட்டின்மை எண் 1-க்கு 5% மட்டத்தில்) தாண்டிவிடும். விகிதத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலே முடிவு மாறிவிடுகிறது! எனவே அளவைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

கிராமரின் வி அதற்கானது: கை-வர்க்கத்தை, ஆள் எண்ணிக்கை × (நிரை, நிரல் இரண்டில் சிறியது − 1) என்பதால் வகுத்து வர்க்கமூலம். நமக்கு 190.40 ÷ 2,201-இன் வர்க்கமூலம், 0.29. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே இது நடுத்தரமான உறவு. வாசகருக்கு இதைவிடப் புரிவது விகிதம்: முதல் வகுப்பில் பிழைத்தவர் சதவீதம் மூன்றாம் வகுப்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

படி 10: மறைந்திருக்கும் மூன்றாவது மாறி

படகில் ஏற்றும்போது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை இருந்தது. கப்பலில் பெண்கள் 470 பேர், பிழைத்தவர் 344, அதாவது 73.2%. ஆண்கள் 1,731 பேர், பிழைத்தவர் 367, அதாவது 21.2%. (சிறுமியரும் சிறுவரும் இதில் அடக்கம்.) இப்போது, ஒன்றுதான் என்று விட்டுவந்த மூன்றாம் வகுப்பையும் ஊழியரையும் ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்கள்.

| | மூன்றாம் வகுப்பு | ஊழியர் |
|---|---|---|
| ஆண்: பிழைத்தவர் / மொத்தம் | 88 / 510 (17.3%) | 192 / 862 (22.3%) |
| பெண்: பிழைத்தவர் / மொத்தம் | 90 / 196 (45.9%) | 20 / 23 (87.0%) |
| இருவரும் சேர்த்து | 178 / 706 (25.2%) | 212 / 885 (24.0%) |

ஆண்களில் ஊழியர் முன்னால். பெண்களிலும் ஊழியர் முன்னால், அதுவும் வெகுதூரம். சேர்த்துப் பார்த்தால் ஊழியர் பின்னால்! காரணம், 885 ஊழியரில் பெண்கள் 23 பேர் மட்டுமே, பெரும்பாலும் பணிப்பெண்கள். மூன்றாம் வகுப்பிலோ கால் பங்குக்கு மேல் பெண்கள். பெண்கள் அதிகம் பிழைத்ததால் மூன்றாம் வகுப்பின் மொத்தச் சதவீதம் உயர்ந்து, உள்ளே இருந்த வேறுபாட்டை மறைத்துவிட்டது. இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 முதுநிலைச் சேர்க்கைத் தரவிலும் இதேதான் நடந்தது: மொத்தத்தில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு போலத் தெரிந்தது, துறைவாரியாகப் பிரித்ததும் பெரும்பாலும் கரைந்துபோனது.

தனித்தனியாகச் சோதித்தால் ஆண்களுக்குக் கை-வர்க்கம் 4.97, பி-மதிப்பு 0.026. பெண்களுக்கு 13.87, பி-மதிப்பு 0.0002. பெண்களின் விடையை நான் உறுதியாக எடுத்துக்கொள்வேன். ஆண்களின் விடை எல்லைக்கு அருகில் இருக்கிறது. ஐந்தாம் படியில் பார்த்த சார்பும் உண்டு. எனவே "இருக்கலாம்" என்பதற்கு மேல் சொல்லமாட்டேன்.

சதவீதத்தைக் கட்டத்தில் இடுவதன் விளைவை இங்கேயே பார்த்துவிடலாம். ஆண்களுக்கு ஆள் எண்ணிக்கைக்குப் பதில் 17.3, 82.7, 22.3, 77.7 என்று போட்டால் 4.97 வர வேண்டிய இடத்தில் 0.8 வருகிறது. இருந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

ஏன் இப்படி நடந்தது என்பதற்கு எந்தக் கை-வர்க்கமும் பதில் சொல்லாது. மூன்றாம் வகுப்பினர் அநியாயமாக நடத்தப்படவில்லை என்றே மெர்சி பிரபு தலைமையிலான பிரிட்டிஷ் விசாரணை முடிவு செய்தது. கப்பலை விட்டு வரத் தயங்கினார்கள், மூட்டை முடிச்சுகளை விட மனமில்லை, தங்கிய இடம் கப்பலின் இரு கோடிகளில் இருந்ததால் மேலே கொண்டுவருவது கடினம் என்று காரணம் சொன்னது. அதை ஏற்பதா மறுப்பதா என்பதற்குச் சாட்சியங்களைப் படிக்க வேண்டும். 190.40 என்ற எண் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் நிற்கும்.

படி 11: முடிவை எழுதுவது

சோதனையின் பெயர், கட்டின்மை எண், ஆள் எண்ணிக்கை, மதிப்பு, பி-மதிப்பு, விளைவின் அளவு, சதவீதங்கள் எல்லாம் வேண்டும். பி-மதிப்பு 0.000 என்று கணினி காட்டினால் அதை அப்படியே எழுதாமல் "0.001-க்குக் கீழ்" என்று எழுதுங்கள். மாதிரிக்கு:

"பிழைத்தவர் விகிதம் குழுக்களுக்கிடையே வேறுபட்டது (கை-வர்க்கம் = 190.40, கட்டின்மை எண் 3, மொத்தம் 2,201 பேர், பி-மதிப்பு 0.001-க்குக் கீழ், கிராமரின் வி 0.29). முதல் வகுப்பில் 62.5%, இரண்டாம் வகுப்பில் 41.4%, மூன்றாம் வகுப்பில் 25.2%, ஊழியரில் 24.0% பிழைத்தனர். வேறுபாட்டில் பெரும்பங்கு முதல் வகுப்பினுடையது (சரிசெய்த எச்சம் +12.6). மூன்றாம் வகுப்புக்கும் ஊழியருக்கும் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. பாலினவாரியாகப் பிரித்தபோது இரு பாலிலும் ஊழியரின் விகிதமே அதிகம், பெண்களிடம் அந்த வேறுபாடு தெளிவானது. குடும்பமாகவும் படகுவாரியாகவும் தப்பியவர்கள் இருப்பதால் தனிநபர் சார்பின்மை முழுமையாகப் பொருந்தாது."

உங்கள் குழுக்களுக்கு இயல்பான ஏறுவரிசை இருந்தால், உதாரணமாக வயதுப் பிரிவு அல்லது மருந்தின் அளவு, கை-வர்க்கம் அந்த வரிசையைக் கண்டுகொள்ளாது. நிரைகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒரே விடைதான். அப்போது காக்ரன்-ஆர்மிடேஜ் போக்குச் சோதனையைப் பாருங்கள். மேலே செய்தது போலவே மூன்றாவது மாறி பலவாகப் பெருகினால், ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போவதைவிட பல மாறிகளை ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்கும் லாஜிஸ்டிக் ரெக்ரெஷன் கைகொடுக்கும்.